மோதிரக் கைக் குட்டு

"குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும்" என்று முதலில் சொன்னவன் தலையில் யாரும் குட்டியிருக்க மாட்டார்கள். மலர்க்கொடிக்கு விழுந்தது மோதிரக் கைக் குட்டேதான். பச்சைக்கல் மோதிரம். நாற்பது தாண்டியவளை, அவள் வேலை பார்த்த மலைக்கோட்டை அடிவாரத்து ஜவுளிக்கடையில், சேலை எடுக்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, முதலாளி அழகர்சாமி குட்டினார். அரக்குப் பட்டு ஒன்றைக் காணவில்லையாம்.

"நான் எடுக்கலைங்க."

"எடுக்கலைங்கறதுக்கு என்ன அத்தாட்சி?"

டொக்! அந்தச் சத்தத்தில் காவிரிக்கு அக்கரையில் படுத்திருக்கும் ரங்கநாதரே கண்விழித்து, "யாரப்பா அது?" என்று கேட்டார். நம்புகிறவர்கள் நம்பலாம்.

மறுநாள் அந்தச் சேலை அலமாரிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. அழகர்சாமி அதை உதறி மடித்து வைத்துவிட்டு, அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனார். மலர்க்கொடி வேலையை விட்டாள். மலை ஏறும் வாசலில், பக்தர்களின் செருப்பை வாங்கிவைத்து டோக்கன் கொடுக்கும் வேலையில் சேர்ந்தாள்.

செவ்வாய்தோறும் உச்சிப் பிள்ளையாரிடம் ஏறிப் போவாள். மற்றவர்கள் வீடு கேட்பார்கள், வரன் கேட்பார்கள். அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்தாளு தலையில ஒரு குட்டு. என் கண்ணு முன்னால." பிள்ளையாருக்கு இது புரியாதா? ரங்கநாதரை இலங்கைக்குப் போகவிடாமல் காவிரிக்கரையில் இறக்கிவைத்தாரென்று விபீஷணன் துரத்திவந்து குட்டிய வடு அவர் நெற்றியில் இருக்கிறதே!

"நீ மட்டும் மறந்துட்டியா?" என்று கேட்பாள். அவர் கொழுக்கட்டையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு சித்திரை நடுப்பகலில் அழகர்சாமி வந்தார். புதுக்கடை திறக்குமுன் சாமி கும்பிட வேண்டுமாம். காதில் போன். செருப்பைக் கழற்றித் தள்ளினார்; வாங்கியவள் முகத்தைப் பார்க்கவில்லை. டோக்கனைச் சட்டைப்பையில் போடுவதாக நினைத்துக் கீழே போட்டுவிட்டு மலையேறினார். மலர்க்கொடியின் கால் மெல்ல நகர்ந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.

இறங்கி வந்தவர் பையைத் தடவினார்.

"டோக்கனக் காணோம். அந்தா, அந்தப் பழுப்புச் செருப்புதான். எடும்மா."

"உங்களதுங்கறதுக்கு என்ன அத்தாட்சி?"

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். "நீயா?"

"நாந்தாங்க. டோக்கன் இல்லாம எடுத்துக் குடுத்தா, நாளைக்கு வேற ஒருத்தர் வந்து என்னைத் திருடின்னு குட்டுவாரே! மேல விழுந்திருக்கும், பாத்துட்டு வாங்க."

பின்னால் நின்ற அம்மாள், "அவங்க சொல்றது நியாயந்தானே சார்?" என்றாள். அழகர்சாமி தார் ரோட்டில் ஒரு காலை வைத்தார். தோசைக்கல்லை மிதித்தவர்போலத் துள்ளித் திரும்பினார். மறுபடி மலையேறினார். திரும்பி வந்தபோது தொப்பையில் பாதி கரைந்திருந்தது. வேர்வை வழிந்து காவிரியில் கலந்தது.

"இல்ல."

"அப்படின்னா பிள்ளையார்கிட்டதான் கேக்கணும். இதோ அடிவாரத்துலயே மாணிக்க விநாயகர் இருக்காரு. காணாமப் போனது கெடைக்கணும்னா அவரப் பாத்துத் தலையில குட்டிக்கணுங்க."

அழகர்சாமி விரல் நுனியால் தொட்டுக்கொண்டார்.

"சத்தமே வரலையே. அன்னிக்கு நீங்க குட்டினது கடை பூராக் கேட்டுச்சு."

அவருக்கு விளங்கிவிட்டது. சுற்றிலும் பார்த்தார். வரிசை காத்திருந்தது, வெயில் காத்திருந்தது. மோதிரக் கையை மடக்கினார்.

டொக்! கல் பட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"என்ன பக்தி!" என்று பின்னால் நின்ற அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மலர்க்கொடி காலைத் தூக்கினாள். "அட, இங்கதான் கெடக்கு! நல்லாத் தேடிப் பாக்காம யாரையும் ஒண்ணும் சொல்லக் கூடாதுங்க, முதலாளி."

அன்று செவ்வாய்க்கிழமை இல்லை. ஆனாலும் சாயங்காலம் கொழுக்கட்டையோடு உச்சிக்கு ஏறினாள். பிள்ளையாரின் நெற்றியைப் பார்த்துச் சொன்னாள்:

"என்னோடது முடிஞ்சிது. உன்னோட விபீஷணன் இந்தப் பக்கம் வந்தா, செருப்ப எங்கிட்டயே விடச் சொல்லு."