கிளட்சில் தாங்கிய லாரி

துறைமுகத்தில் பழைய பட்டாளத்து லாரி ஒன்றை ஓட்டுகிறேன். மேட்டில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக் போடாமல், கிளட்சைப் பாதி மிதித்தே வண்டியைத் தாங்குவது என் பழக்கம். போன மாதம் ராயபுரம் பாலத்தின் ஏற்றத்தில் இரும்புப் பாரத்தோடு அப்படி நின்றேன். கருகல் வாடை வந்தது. கிளட்ச் பிடி விட்டு லாரி பின்னால் உருண்டது. நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்துவதற்குள், பின்னால் கைவண்டி இழுத்து வந்த கன்னியப்பனின் கால் சக்கரத்தடியில் சிக்கியது.

கூட்டம் என்னை இழுத்துப்போட்டு அடித்ததில் இரண்டு பற்கள் போயின. ஒருவன் என் தலைக்கு நேரே கல்லைத் தூக்கினான்.

"அவன சாவடிச்சிட்டா லாரிய யாருய்யா நவுத்துறது? என் காலு அடியில கீது" என்று கன்னியப்பன் அலறினார்.

அடித்தவர்களே பின்னாலிருந்து தள்ள, ரத்தம் வழிய ஏறி லாரியை ஓரடி நகர்த்தினேன். ஆஸ்பத்திரியில் அவர் பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

இப்போது மேட்டில் ஹேண்ட் பிரேக் போட்டு நிற்கிறேன். கிளம்புகையில் கிளட்ச் பிடித்த பிறகே பிரேக்கை விடுகிறேன். பின்னால் நிற்பவர்கள் எவ்வளவு திட்டினாலும் அவசரப்படுவதில்லை.