பெற்றோர் வரும் ஞாயிறு

ஃபைனா லிவ்ஷிட்ஸ் எங்கள் முகாமுக்கு வந்து இறங்கியது குழந்தைகள் வந்த அதே பஸ்ஸில்தான். சிகாகோவிலிருந்து வடக்கே விஸ்கான்சின் காட்டுக்குள் ஏழெட்டு மணி நேரப் பயணம். வழியெல்லாம் பாடி, சண்டை போட்டு, வாந்தி எடுத்து, தொண்டை கட்டிப்போன பிள்ளைகள் தொப்தொப்பென்று குதித்து இறங்கினார்கள். கடைசியில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு இவள் இறங்கினாள். நாற்பது வயது. சிரித்தால் ஒரு தங்கப் பல் தெரியும்.

அது 1980-ஆம் வருஷக் கோடை. யூதப் பிள்ளைகள் கோடை விடுமுறையைக் கழிக்கும் முகாம். நான் அங்கே நர்ஸ். என் பெயர் லெனோர். நோயாளிக் குழந்தைகளைப் படுக்க வைக்கும் சின்ன மரவீட்டில் எனக்கு ஓர் அறை. மருந்து வீடு என்போம். பக்கத்து அறையை ஃபைனாவுக்குக் கொடுத்தார்கள். சோவியத் நாட்டில் கோமெல் என்ற ஊரில், ரயில்வே ஆஸ்பத்திரியில் பதினைந்து வருஷம் ஊசி போட்டு, கட்டுக் கட்டி, பிரசவம்கூடப் பார்த்தவள். அமெரிக்காவில் அந்தப் படிப்பு செல்லாது என்று சொல்லிவிட்டதால் முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் தன் அம்மாவை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே நின்றுவிட்டான். மகள் ஆல்லாவோடு இவள் மட்டும் வந்தாள்.

ஆல்லாவுக்குப் பன்னிரண்டு வயது. சிகாகோவில் அவர்கள் வட்டாரத்து யூத ஜெபக்கூடத்துக்காரர்கள் அவளை முகாமுக்கு இலவசமாக அனுப்பினார்கள். மகளை ஒரு ராத்திரிகூடப் பிரிந்திராதவள் என்பதால், தனக்கும் அங்கே ஏதாவது வேலை கிடைக்குமா என்று ஃபைனா கேட்டிருக்கிறாள். எனக்கு உதவியாளாகக் கிடைத்துவிட்டது. மகளிடம் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

எனக்கு ரஷ்ய மொழி தெரியாது. அவளுக்கு ஆங்கிலம் வாயில் நுழையாது. ஆனால் இரண்டு பேருக்கும் வீட்டுப் பெரியவர்கள் பேசிக் காதில் விழுந்த இத்திஷ், ஐரோப்பிய யூதர்களின் பழைய பேச்சுமொழி, இருந்தது. அரைகுறையாக அதை வைத்துத்தான் நாங்கள் பேசிக்கொண்டோம்.

வந்த மறுநாளே, துணி காய்ந்துகொண்டிருந்த பின்பக்கம் ஆல்லா வந்தாள். கொடியில் தொங்கிய போர்வைக்கு அந்தப் பக்கம் அம்மாவும் பெண்ணும் ரஷ்ய மொழியில் பேசினார்கள். சத்தமில்லை. ஐந்து நிமிஷம்கூட இருக்காது. ஆல்லா ஓடிப் போனபிறகு ஃபைனா உள்ளே வந்து, மடித்து வைத்த துண்டுகளையெல்லாம் பிரித்து மறுபடி மடித்தாள்.

"என்ன சொல்றா உன் பொண்ணு?" என்று கேட்டேன்.

"இங்க அவளுக்கு ஹீப்ரூப் பேராம், ஆயெலெத். வீட்டுல மாதிரி நான் ஆலோச்கான்னு செல்லமா கூப்பிடக் கூடாது. சாப்பாட்டுக் கூடத்துல அவ மேசைப் பக்கம் போகக் கூடாது. முத்தம் கொடுக்கக் கூடாது. நான் அவ அம்மான்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன். வேற என்ன சொல்றது? மத்த பிள்ளைங்க எல்லாம் அம்மாவ விட்டுட்டுத்தானே வந்திருக்கு. இவ மட்டும் ஏன் அம்மாவத் தூக்கிட்டு அலையணும்?"

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். முந்நூறு பேர் சாப்பிடும் கூடத்தில், சமையலறைக் கதவோரம் எங்கள் மேசை. அதில் ஆல்லாவின் மேசைக்கு முதுகு காட்டும் நாற்காலியாகப் பார்த்து உட்காருவாள். மகள் முகத்தைப் பார்த்தால் எழுந்து அவளிடம் போய்விடுவேன் என்று என்னிடம் சொன்னாள். சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகள் மேசையைத் தட்டித் தட்டி, கூரை அதிர, ஹீப்ரூவில் நன்றி ஜெபம் பாடுவார்கள். முதல் தடவை ஃபைனா பயந்தே போனாள்.

"என்ன கலாட்டா இது?"

"ஜெபம். சாப்பிட்டதுக்கு நன்றி சொல்றாங்க."

"இவ்வளவு சத்தமாவா! எங்க தாத்தா ஜன்னலச் சாத்தி, கதவச் சாத்தி, குழாயத் திறந்துவிட்டுட்டு முணுமுணுப்பாரு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கல. வெளியில உளறிடுவேன், போலீஸ் வந்துடும்னு பயம்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஓய்வுநாள் பிறக்கும்போது, முகாமே வெள்ளை உடுத்தும். ஏரிக்கரையில் தோளோடு தோள் கோத்து வட்டமாக நின்று பாடுவார்கள். ஒன்பது வயசுப் பொடிசுகளுக்குக்கூட அத்தனை பாட்டும் மனப்பாடம். ஃபைனாவிடம் வெள்ளை என்று இருந்தது ஆஸ்பத்திரிக் கோட்டு ஒன்றுதான். அதைத் துவைத்துப் பெட்டி போட்டு மாட்டிக்கொண்டு, வட்டத்துக்கு வெளியே பைன் மரத்தடியில் நிற்பாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். "போ, போ, நீ பாடு. எனக்கு வாய் வராது" என்று விலக்கிவிட்டாள். வட்டம் சுற்றும்போது ஆல்லா எங்களைக் கடந்து போவாள். அந்தப் பெண் மூன்றே வாரத்தில் எல்லாப் பாட்டையும் கற்றுக்கொண்டுவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு பாடுவாள்.

மருந்து வீட்டுக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஒரு நோவும் இருக்காது. வீட்டு ஞாபகம்தான். மார்சி என்ற சின்னப் பெண் தினமும் மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவாள். நான் தெர்மாமீட்டரைத் தேடுவதற்குள் ஃபைனா அவளைப் படுக்க வைத்து வயிற்றின்மேல் உள்ளங்கையை விரித்து வைப்பாள். அதற்கு வேண்டிய அளவு ஆங்கிலம் அவளிடம் இருந்தது.

"எங்க வலி?"

"எல்லா இடத்துலயும்."

"எனக்கும் அப்பிடித்தான்."

மார்சி சந்தேகமாகப் பார்ப்பாள். "பெரியவங்களுக்குமா?"

"பெரியவங்களுக்கு இடம் ஜாஸ்தி. வலியும் ஜாஸ்தி."

அரைமணியில் அந்தப் பெண் எழுந்து நீந்தப் போய்விடும். ஃபைனா படுக்கையைத் தட்டிப் போட்டுவிட்டு முன்வராந்தாவில் நின்று ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அத்தனை தூரத்திலிருந்து பார்த்தால் நீந்துகிற தலைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவளுக்கு மட்டும் எது தன்னுடையது என்று தெரியும்.

ஜூலை நடுவில் பெற்றோர் வரும் ஞாயிறு வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பிள்ளைகள் தங்கும் எந்தக் குடிலுக்குப் போனாலும் அதே பேச்சு. யார் அம்மா சலாமி இறைச்சி கொண்டு வருவாள், யார் அப்பா புதுக் கார் வாங்கியிருக்கிறார் என்று. ஃபைனா சாமான் வண்டிக்காரனிடம் சொல்லி ஊரிலிருந்து ஒரு கூடை செர்ரி வாங்கி வைத்தாள். சனிக்கிழமையே தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டாள். ஞாயிறு காலை அறைக்குள்ளிருந்து வந்தவளைப் பார்த்து நான் அசந்துபோனேன். வெள்ளைக் காலர் வைத்த நீல கவுன், உதட்டுச் சாயம், குதிகால் உயர்ந்த செருப்பு.

"எங்க கிளம்பிட்ட, ராணி மாதிரி?"

"ரோட்டுக்கு."

"ரோட்டுக்கா?"

"சலவை வண்டி போற பாதைல வெளிய போய், சுத்தி வந்து, பெரிய வாசல் வழியா எல்லாரோடயும் வருவேன். இங்கருந்து இறங்கிப் போனா நான் மருந்துக்காரி. வாசல் வழியா வந்தா அம்மா. இன்னிக்கு எல்லாருக்கும் அம்மா வரா. அவளுக்கும் வரட்டுமே. இன்னிக்குக் கூடாதுன்னு அவ சொல்லலையே, லெனோர்."

"காலரைச் சரி பண்ணு" என்று மட்டும் சொன்னேன்.

அன்றைக்கு நல்ல வெயில். வாசலில் தண்ணீர் டம்ளர்களோடு என்னை நிறுத்தியிருந்தார்கள், கிழவர்கள் யாராவது மயங்கி விழுந்தால் பார்த்துக்கொள்ள. கார்கள் வரிசையாக உள்ளே வந்துகொண்டிருந்தன. நடந்து வந்தவள் ஃபைனா ஒருத்திதான். சரளைக்கல்லில் குதிகால் மடங்க மடங்க, கூடையைக் கையில் ஏந்திக்கொண்டு ரோட்டோரமாக வந்தாள்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு பெரிய கார் வெளியே வந்தது. கப்ளோவிட்ஸ் குடும்பத்தின் கார். அவர்கள் மகள் ஷெரில், ஆல்லாவின் பக்கத்துக் கட்டில்காரி. பிள்ளைகளை டவுனுக்கு அழைத்துப் போய்ச் சாப்பாடு வாங்கித் தருவதாக ஏற்பாடு போலிருக்கிறது. பின்சீட்டில் ஷெரில், அவள் தம்பி, ஜன்னலோரம் ஆல்லா. எதிரே வந்த காருக்கு வழிவிட வண்டி வாசலில் நின்றது. ஃபைனா அதன் பக்கத்திலேயே நின்றாள். ஜன்னலுக்கும் கூடைக்கும் ஒரு கை தூரம்கூட இல்லை.

கப்ளோவிட்ஸ் நல்ல மனிதர். தலையை நீட்டி, "சரியான வெயில், மேடம். உள்ள மரத்தடியில நாற்காலி போட்டிருக்காங்க, போய் உக்காருங்க. யாரைப் பாக்க வந்தீங்க?" என்று கேட்டார்.

ஆல்லா தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் காதுவரை சிவந்திருந்தது.

ஃபைனா கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "நன்றி, நன்றி" என்றாள் ஆங்கிலத்தில். "உள்ள போறேன்."

வழி கிடைத்ததும் கார் போய்விட்டது. புழுதி அடங்கும்வரை அவள் அங்கேயே நின்றாள். திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். இல்லை, வாசல் வழியாகவே வந்தாள். நான் நீட்டிய தண்ணீரைக் குடித்தாள். "பின்சீட்ல பெல்ட் போடல பாரு" என்றாள்.

புல்வெளி முழுக்கப் போர்வை விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பெஞ்சில் அவள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிலர் சிரித்து வணக்கம் சொன்னார்கள், யாரோ ஒரு பிள்ளையின் தாய் என்று நினைத்து. கொஞ்ச நேரத்தில் மார்சி வந்து பக்கத்தில் நின்றாள்.

"நீ ஏன் டிரெஸ் பண்ணிக்கிட்டிருக்க, ஃபைனா?"

"என் பொண்ணப் பாக்க வந்தேன். அவ வெளில போயிட்டா."

"உனக்குப் பொண்ணு இருக்கா? யாரு?"

"பெரிய பொண்ணு" என்றாள் ஃபைனா. அதற்குமேல் சொல்லவில்லை.

"எங்கப்பாவும் வரல. வருவேன்னாரு."

இருவரும் செர்ரி தின்றார்கள். கொட்டையை யார் தூரத் துப்புவது என்று பந்தயம். ஃபைனா உதட்டுச் சாயம் கலைய, வெட்கமில்லாமல் துப்பினாள். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மூன்று மணிக்கு மேல் மார்சியின் அப்பா வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார், வழியில் டயர் பஞ்சராம். "அப்பா!" என்று கத்திக்கொண்டு அவள் போனவள் போனவள்தான். பெஞ்சில் மறுபடி ஃபைனா மட்டும். நான் பார்த்தபோது புல்லில் கிடந்த கொட்டைகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள், குழந்தைகள் வெறுங்காலில் மிதிக்கும் என்று.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஆல்லாவுக்குத் தொண்டையில் சீழ், கொதிக்கிற காய்ச்சல். குடில் பொறுப்பாளர் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து விட்டுப் போனாள். கதவு சாத்தியதுதான் தாமதம், அந்தப் பெண் அம்மாவின் கோட்டுக் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். ரஷ்ய மொழியில் என்னென்னவோ சொன்னாள். நான் வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்புறமாக ஃபைனாவிடம் கேட்டேன். "மன்னிப்புக் கேட்டாளா?"

"இல்ல. தண்ணி கேட்டா."

மூன்று நாள் மகளை அவள் யாரிடமும் விடவில்லை. காதில் ஏதோ சொல்லுவாள், அது சிரிக்கும். ஆலோச்கா, ஆலோச்கா என்று ஓயாமல் கூப்பிட்டாள். இத்தனை நாள் சேர்த்து வைத்தது அத்தனையும் தீரும்வரை கூப்பிட்டாள். மழைத் தண்ணீர் கூரையிலிருந்து ஊற்றுகிற சத்தத்தில் வெளியே யாருக்குக் கேட்கப்போகிறது?

மூன்றாம் நாள் வெயில் வந்தது. ஷெரில் ஜன்னலுக்கு வெளியே எக்கி நின்று கூப்பிட்டாள். "ஆயெலெத்! செத்துட்டியா, இருக்கியா? அந்த ரஷ்யாக்காரம்மா உன்னை நல்லா பாத்துக்கறாங்களா?"

ஃபைனா பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றிருந்தாள். குழாயை நிறுத்தவில்லை.

"ம். பாத்துக்கறாங்க" என்றாள் ஆல்லா.

சாயங்காலம் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆல்லா கிளம்பினாள். கீழே ஷெரிலும் இன்னும் இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள். படியிறங்கி, பாதிவழியில் நின்று திரும்பிப் பார்த்தாள். எல்லாப் பிள்ளைகளும் சொல்கிற மாதிரியே, பளிச்சென்ற ஆங்கிலத்தில், "தேங்க்யூ, ஃபைனா!" என்றாள்.

"உடம்பப் பாத்துக்க" என்றாள் ஃபைனா, அவளும் ஆங்கிலத்தில். பெண்கள் போனபிறகு என்னிடம், "கேட்டியா? ரஷ்ய வாடையே இல்ல. இங்க பிறந்தவ மாதிரி பேசறா" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று சாப்பிட வரவில்லை. தலைவலி என்றாள்.

மறுவருஷம் வசந்தத்தில் முகாம் தலைவர் ஃபைனாவை மறுபடி அழைத்தார். ஆல்லா வாய் திறந்து வா என்று சொல்வாள் என்று இவள் ஒரு மாதம் பார்த்தாள். அவள் போகாதே என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஃபைனா வேலை இருக்கிறது என்று பதில் சொல்லிவிட்டாள். அந்தக் கோடையிலும் அதற்கடுத்த கோடைகளிலும் ஆல்லா தனியாகவே வந்தாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் மரியாதையாகச் சிரிப்பாள். ஒருநாள் மருந்து வீட்டுப் படியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். என்ன வேண்டும் என்றேன். ஒன்றுமில்லை என்று எழுந்து போய்விட்டாள்.

மகள் கல்லூரிக்குக் கிளம்பிப் போனபிறகுதான் ஃபைனா எனக்குப் போன் போட்டு, வேலை இன்னும் காலியா என்று கேட்டாள். நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு கோடையும் வந்தாள். எத்தனையோ மார்சிகளின் வயிற்றில் கை வைத்தாள். வெள்ளிக்கிழமை வட்டத்துக்குள் மட்டும் கடைசிவரை வரவேயில்லை.

ஆல்லா இப்போது சியாட்டிலில் கணக்கு வாத்தியார். கெட்ட மகள் இல்லை. வாரம் தவறாமல் அம்மாவுக்குப் போன் செய்கிறாள். ரஷ்ய மொழி அவளுக்குத் தேய்ந்துவிட்டது, ஆங்கிலத்தில் பேசுவாள். ஃபைனா ரஷ்ய மொழியில் பதில் சொல்வாள். இருவருக்கும் புரிகிறதாம். போனை வைத்தபிறகு வீடு ரொம்ப அமைதியாகிவிடுவதுதான் கஷ்டம் என்று போன வாரம் என்னிடம் சொன்னாள். அதனால் பேசி முடிக்கும் முன்பே ஒரு கையால் ரேடியோவைப் போட்டுவிடுகிறாளாம்.