ஹேமாவதி இறக்கிய இலவச மென்பொருள்

மண்ணூர்பேட்டையில் அரசு வேலைக்கு விண்ணப்பம் போடுகிற பாதிப் பேர் ஹேமாவதியிடம்தான் போவார்கள். சின்னக் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின். கணவர் பாபு தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறார். பன்னிரண்டு வருடமாக ஹேமாவதி ஊரார் பெயரையும் பிறந்த தேதியையும் தட்டிக்கொண்டிருக்கிறார். இதுவரை ஒரு விண்ணப்பம் தப்பாகப் போனதில்லை என்று அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்தால் என்ன, உழைத்த கர்வம்தானே.

நான் ராகவன், கள்ளிக்குப்பத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஐ.டி. ஆசாமி. ஆதார் நகல் எடுக்கப் போய்ப் பழக்கம். கம்ப்யூட்டரில் கோளாறு என்றால், "சார், ஒரு நிமிசம்" என்று கூப்பிடுவார்.

இந்த விண்ணப்பங்களில் ஒரு பெரிய இம்சை, புகைப்படம். ஐம்பது கேபிக்குள் இருக்க வேண்டும், கையெழுத்து இருபதுக்குள். கொஞ்சம் கூடினாலும் ஏற்காது. வாசலில் கூட்டத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாக யார் சுருக்கிக்கொண்டிருப்பது? படம் சுருக்க இலவச மென்பொருள் ஒன்றை ஹேமாவதி இறக்கினார். வழியில் வந்த கேள்விக்கெல்லாம் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்தினார். அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? நானே படித்ததில்லை.

அன்றிலிருந்து திரையின் மூலையில் ரம்மியும் இடுப்பு இளைக்கும் பவுடரும் குதிக்க ஆரம்பித்தன.

"இன்னா சார் இது, தேடுற பக்கமே வேற மாதிரி கீது?" என்று கேட்டார்.

எனக்கு அன்றைக்கு அவசரம். "விளம்பரம்தானே, மூடிட்டு வேலையப் பாருங்க. ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாயை எதைக் கொண்டு அடிப்பது?

அடுத்த வாரம் காவ்யா வந்தாள். தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் பெருக்கித் துடைக்கும் கன்னியம்மாவின் மகள். காவலர் தேர்வுக்காக இரண்டு வருடமாகத் தொழிற்பேட்டைச் சாலையில் விடிகாலையில் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடிக்கொண்டிருந்தவள். அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு, அடுத்த தேர்வுக்கு வயது தாண்டிவிடும். அதை அம்மாவிடம் அவள் சொல்லவில்லை.

"சொன்னா இப்பவே மாப்ள பாக்க ஆரம்பிச்சுரும்க்கா. நீங்களும் சொல்லிடாதீங்க" என்று ஹேமாவதியிடம் கேட்டுக்கொண்டாள்.

ஹேமாவதிக்கு ஒரு பழக்கம். இணைய முகவரியைத் தட்ட மாட்டார். தேர்வின் பெயரைத் தேடி, முதலில் வருவதைத் திறப்பார். பன்னிரண்டு வருடமாக முதலில் வந்தது சரியாகவே இருந்தது. அன்று முதலில் வந்தது அந்த விளம்பரக் கும்பல் கொண்டுவந்து வைத்த பக்கம். அதே சின்னம், அதே நிறம். படத்தை வாங்கிக்கொண்டது, கையெழுத்தை வாங்கிக்கொண்டது, கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு ஒரு எண்ணைக் கொடுத்தது. காவ்யாவின் போனுக்கு மட்டும் தகவல் வரவில்லை.

"கடைசி நாளுல்ல, சர்வர் சுத்தும். மெதுவாத்தான் வரும்" என்றார் ஹேமாவதி. எத்தனையோ கடைசி நாட்களைப் பார்த்தவர். அந்த அனுபவமே காலை வாரிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை ஹால் டிக்கெட் வந்தது. காவ்யாவின் எண்ணைப் போட்டால் அப்படி ஒரு எண்ணே இல்லை என்றது. ஹேமாவதி பத்து முறை போட்டுப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். போனேன். கம்ப்யூட்டரில் என்னென்ன ஏறியிருக்கிறது என்று பட்டியலைத் திறந்தேன். வாயில் நுழையாத பெயரில் மூன்று மென்பொருள்கள் இருந்தன.

"சத்தியமா இத்த நான் போடல சார்."

"போட்டோ சுருக்குறதுக்குப் போட்டீங்களே, அது கூட்டிட்டு வந்திருக்குங்க."

காவ்யாவின் பிரிண்ட் அவுட்டில் அடியில் இருந்த முகவரியைப் பார்த்தேன். அது தேர்வு வாரியத்தின் முகவரியே இல்லை. உதவி எண்ணுக்குப் பேசினோம். விண்ணப்பமே வரவில்லை, தேதி முடிந்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். சைபர் கிரைமுக்குப் புகார் அனுப்பினோம். அது அந்தத் தேதியைத் திருப்பித் தருமா? மூன்றையும் இருபதே நிமிடத்தில் நீக்கினேன். கேட்ட அன்றே உட்கார்ந்திருந்தாலும் இருபது நிமிடம்தான் ஆகியிருக்கும்.

ஹால் டிக்கெட் வாங்க அம்மாவும் மகளும் சேர்ந்தே வந்தார்கள். ஹேமாவதி அந்தப் பிரிண்ட் அவுட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"காவ்யா, உன் அப்ளிகேசன் போவலம்மா. கள்ளப் பக்கத்துல போட்டுட்டேன். எம்மேலதான் தப்பு" என்று சொல்லி, மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார்.

நான் தரையைப் பார்த்தேன்.

கன்னியம்மாதான் கிட்டே போய், முந்தானையால் ஹேமாவதியின் முகத்தைத் துடைத்துவிட்டார். "அட, இன்னாத்துக்கு இப்டி அழுவுற? நீ வேணும்னா பண்ண? எத்தினி பேருக்குப் போட்டுக் குடுத்த கை. வுடு. அடுத்த தபா எழுதிக்கும். இன்னாடி, வாயத் தொறந்து சொல்லு அக்காகிட்ட."

"ஆமாக்கா" என்றாள் காவ்யா. "அடுத்த தபா எழுதிக்கிறேன்."