சபாரத்தினம் சம்பந்தி வீட்டை விசாரித்த விதம்

நியூசிலாந்தில், ஆக்லாந்துக்குத் தெற்கே உள்ள பாபகூராவில் சபாரத்தினத்தைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள்: மனுஷனால் எதையும் விசாரிக்காமல் இருக்க முடியாது. பக்கத்தில் விரி என்ற இடத்தில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பெட்டியை இறக்கிவிட்டுப் போக வேண்டியவர், இந்த ஆப்பிள் எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று லாரிக்காரரை மறித்துக் கேட்பார். ரயிலில் பக்கத்தில் இருப்பவர் இறங்குவதற்குள் அவருடைய ஊர், தொழில், பிள்ளைகுட்டி எல்லாம் இவருக்கு மனப்பாடம்.

அப்படிப்பட்டவரிடம் மகள் லக்ஷிகா வந்து, தான் ஏட்ரியனைக் கலியாணம் செய்யப்போவதாகச் சொன்னாள். பையன் ஆக்லாந்தில் எஞ்சினியர், பிறந்தது கலிபோர்னியாவில். தாய் தெரேசா அந்தக் கரையோரத்து ஆதிக்குடிகளான சுமாஷ் இனத்தவர். சபாரத்தினம் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மண்டை குடைந்தது. மனைவி சரோஜாதேவி அதை வாய்விட்டே கேட்டார்.

“யாழ்ப்பாணம் எண்டா ஆரையாவது பிடிச்சு விசாரிச்சுப் போடலாம். இதுக்கு ஆரிட்டப் போய்க் கேக்கிறது?”

“நான் பாக்கிறன்,” என்றார் இவர்.

பார்க்கத்தான் செய்தார். தரகர் கிடைக்காத குறையை அகழ்வாராய்ச்சிக்காரர்கள் எழுதிய அறிக்கைகள் தீர்த்துவைத்தன. கரைக்கு அப்பாலுள்ள தீவுகளில் சுமாஷ் மக்கள் விரல்நுனியளவு கடல் நத்தையின் ஓட்டை உடைத்து, ஊசி போன்ற கல்முனையால் துளையிட்டு, சரமாகக் கோத்துக் கல்லில் உருட்டித் தேய்த்து மணி செய்தார்களாம். அது அந்தப் பக்கம் முழுவதும் காசாகவும் ஓடியதாம். செய்தது இந்தத் தீவுக்காரர்தான் என்று எப்படித் தெரியும்? சபாரத்தினத்தின் அடுத்த கேள்வி அதுதான். பதில் குப்பையில் இருந்தது. நல்ல மணி ஊர் ஊராகப் போய்விடும். துளை தவறிப் பிளந்த மணியும் ஒடிந்த கல்முனையும் செய்தவர் வீட்டிலேயே கிடக்கும். அந்தக் குவியலைக் கிளறித்தான் இது மணிக்காரர் ஊர் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். சபாரத்தினத்துக்குப் புல்லரித்தது. அடுத்த வீட்டுக் குப்பைத்தொட்டியைப் பார்த்துக் குடும்பத்தை எடைபோடுவது அவருக்கும் கைவந்த கலைதான்.

கடற்கரையில் சிப்பி பொறுக்கிவந்து, வீட்டு ஷெட்டுக்குள் உட்கார்ந்து தானும் துளைத்துப் பார்த்தார். எல்லாம் பிளந்தன.

“நல்ல பொறுமைசாலியள்,” என்று மனைவிக்கு அறிவித்தார். “பொம்பிளை குடுக்கலாம்.”

கலியாணத்துக்கு முன் தெரேசா கலிபோர்னியாவிலிருந்து வந்தார். விருந்தன்று லக்ஷிகா தகப்பனை அடுக்களைக்குள் இழுத்துப் பிடித்தாள்.

“அப்பா, ப்ளீஸ். ஆன்ட்டியை இன்டர்வியூ பண்ணாதேங்கோ. ஏட்ரியன் இவ்வளவு தூரத்தில இருக்கிறதே அவவுக்கு அப்செட். அவவுக்கு எங்களைப் பிடிக்கோணும்.”

“ஓம் ஓம். நான் வாயே திறக்கமாட்டன்.”

இடியப்பத்துக்குச் சொதி ஊற்றும் வரைக்கும் திறக்கவில்லை. ஆனால் தெரேசாவின் கழுத்தில் வெள்ளை மணிச்சரம் ஒன்று கிடந்தது. எத்தனை நேரம்தான் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது? ஆங்கிலத்தில் கேட்டுவிட்டார். தானே செய்தது என்றார் தெரேசா. இவர் ஷெட்டில் பிளந்த சிப்பிகளைப் பற்றிச் சொல்ல, அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். தன்னுடையதும் முக்கால்வாசி பிளந்தது என்றார். லக்ஷிகாவுக்கு மூச்சு வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சபாரத்தினம் நிறுத்துகிற ஆளா? தான் படித்த அறிக்கையில் ஒரு புதைகுழியைத் தோண்டிய படம் இருந்ததாகவும், அதில் ஒரு குழந்தையின் கழுத்தைச் சுற்றி எவ்வளவு மணிகள், எவ்வளவு நேர்த்தி என்றும் உற்சாகமாகச் சொன்னார்.

தெரேசா கையிலிருந்த முள்ளுக்கரண்டியை வைத்தார்.

“அது எங்கள் குழந்தை,” என்றார் மெதுவாக. “யாரோ அழுதுகொண்டே கட்டிவிட்ட மணி அது. எடுத்தவர்கள் எங்களைக் கேட்கவில்லை.”

ஏட்ரியன் கோப்பையைப் பார்த்தான். லக்ஷிகாவின் முகம் வெளிறிவிட்டது. சபாரத்தினத்துக்கு அவமானம் மட்டுமில்லை, தன்மேலேயே வெறுப்பு வந்தது. ஏனென்றால் மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கள்,” என்றார். “எனக்கு இது விளங்கியிருக்க வேண்டும். எனக்கு ஒரு தம்பி இருந்தான். சுந்தரமூர்த்தி. சண்டைக் காலத்தில் சைக்கிளில் போனவன் வரவில்லை. எங்கள் நாட்டில் எங்கேயாவது எலும்பு தோண்டினால் படம் போடுவார்கள். செருப்பு, கை மணிக்கூட்டுப் பட்டி, பட்டன். ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்ப்பேன்.”

சரோஜாதேவி தலையைக் குனிந்துகொண்டார். தெரேசா கதிரையை இவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

“அன்றைக்கு அவன் என்ன உடுத்திருந்தான்?”

ஊர் உலகத்தை எல்லாம் விசாரித்த மனிதரிடம் இதை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. சபாரத்தினம் வாயைத் திறந்தார். ஆங்கிலம் வரவில்லை. வந்தது தமிழ்தான்.

“நீலச் சேர்ட். பட்டன் எல்லாம் வெள்ளை. மேல் பட்டன் மட்டும் கறுப்பு. முதல் இருந்தது கழண்டு துலைஞ்சு போச்செண்டு அம்மா அவசரத்தில கையில கிடைச்சதைத் தைச்சு விட்டவ.”

சித்தப்பா ஒருவர் இருந்தார் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாத லக்ஷிகா, தகப்பனைப் பார்த்தபடியே அதை ஒவ்வொரு வசனமாகத் தெரேசாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். கறுப்புப் பட்டனுக்கு வந்தபோது அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது.