சிவப்பின் பக்குவம்

பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் நான் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியாக இருந்தபோது சந்தித்த சாயக்காரர் அவர். முழங்கை வரை சிவந்த கைகள். எதைக் கேட்டாலும் விரலை நக்கிப் பார்த்துவிட்டே பதில் சொல்வார்.

அவர் போட்ட சிவப்பு வெளுக்காது. அதன் பக்குவத்தைக் கற்றுத் தங்கள் ஊரிலேயே சாயம் போட ஒல்லாந்தரும் இங்கிலீஷ்காரரும் முந்தப் பார்த்தார்கள். கற்றுவிட்டால் இவருக்குப் பிழைப்பு போய்விடும். ஆகவே ஒருவருக்குச் சிவப்பு தரும் சாயவேரை மட்டும் காட்டினார், மற்றவருக்குத் துணியை ஊறவைக்கும் எருமைப்பாலை மட்டும்.

"ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசிக்க மாட்டாங்க ஐயா, அந்த தைரியந்தான்," என்றார்.

ஆடி அமாவாசைக்கு மறுநாள் இருவரும் ஒரே படகில் வந்து இறங்கினார்கள். இரண்டையும் சேர்த்தும் சிவப்பு நிற்கவில்லையாம். அவர் விரலை நக்கினார்.

"எங்க கெணத்துத் தண்ணி வேணும்னு சொல்லுங்க," என்றார் என்னிடம்.

மாலையில் ஒரே பீப்பாயை இரு நாட்டாரும் சேர்ந்து உருட்டிப் போனார்கள்.

"தண்ணீரில் நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன்.

முதல் தடவையாக விரலை நக்காமல் பதில் சொன்னார். "நீங்க கோட்டைச் சோறு துன்றவரு. உங்களாண்ட சொல்லலாமா?"

இன்றும் அந்தக் கிணற்றைக் கடந்தால் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்க்கிறேன். லேசாக உப்புக் கரிக்கிறது, அவ்வளவுதான்.