பிட்டர் ஸ்பரில் காத்திருப்பவள்

அமெரிக்காவின் பிளானோ நகரத் தமிழர்களிடையே அவருக்குப் பட்டப்பெயர் பேய் சேனாபதி. கோபிச்செட்டிபாளையத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், லெகஸி வட்டாரத்து ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. ஆளைப் பார்த்தால் பேய்க்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது என்றுதான் தோன்றும். மீட்டிங்கில்கூட மூன்றாவது தடவை கேட்டால்தான் வாய் திறப்பார். ஆனால் சனிக்கிழமை வந்தால் மனிதர் வீட்டில் தங்க மாட்டார். டோல்வே முடிந்து, ஃப்ரீவே முடிந்து, மாடுகளைத் தவிர வேறு ஜீவனில்லாத ரோட்டில் மூன்று மணி நேரம் மேற்கே ஓட்டிக்கொண்டு பிட்டர் ஸ்பர் என்கிற ஊருக்குப் போவார். போவது பேய்க்கதை கேட்க. அதுவும் வாராவாரம் அதே கதையை.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்வாங்க. நம்மாளு டிக்கெட் வாங்கிட்டுப் போயில்ல தேடறாரு!" என்று கோயில் பார்க்கிங்கில் சிநேகிதர் சந்தானம் கலாய்ப்பார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சேனாபதியும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிடுவார்.

பிட்டர் ஸ்பர் இன்றைக்குச் செத்த ஊர். நூற்று நாற்பது வருடத்துக்கு முன்னால் அப்படியில்லை. ரயில் பாதை போட்டுக்கொண்டு மேற்கே போனவர்கள் அங்கே கொஞ்ச காலம் நின்றார்கள். தண்டவாளம் எங்கே முடிகிறதோ அங்கேயே சட்டமும் முடிந்துபோகிற காலம் அது. கோர்ட் இல்லை. ஷெரிஃப் வேண்டுமென்றால் குதிரையில் ஆள் அனுப்ப வேண்டும். சாராயக்கடைகள் மட்டும் வரிசை கட்டி நின்றன. தடியெடுத்தவன் தண்டல்காரன், துப்பாக்கி எடுத்தவன் நீதிபதி. கூலிப்பணம் கொண்டுவந்த ரயிலை ஒருநாள் யாரோ கொள்ளையடித்தார்கள். பழி எல்லிஸ் என்கிற தண்டவாளக் கூலி மேல் விழுந்தது. கேள்வி இல்லை, விசாரணை இல்லை. இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிற தொட்டியின் கம்பத்தில் பட்டப்பகலில் அவனைத் தூக்கில் போட்டார்கள்.

மறுநாள் ரயிலில் அவன் பெண்டாட்டி வந்து இறங்கினாளாம். செய்ததைச் சொல்ல ஊரில் ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை. வருவான், இரு என்றார்கள். அவளும் பிளாட்பாரத்திலேயே இருந்தாள். குளிர்காலம் வந்து விறைத்துச் சாகும்வரை இருந்தாள். இன்றைக்கும் பொழுது சாய்கிற நேரத்தில் லாந்தரைத் தூக்கிக்கொண்டு வந்து, எதிர்ப்படுகிற ஆண்களிடமெல்லாம் "அவரைப் பார்த்தீர்களா?" என்று கேட்கிறாளாம்.

இதைச் சொல்பவர் லொரேட்டா. பழைய ஸ்டேஷனை மியூசியமாக்கி வைத்திருக்கும் வெள்ளைக்கார அம்மா. கதை இந்த இடத்துக்கு வரும்போது டூரிஸ்டுகள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். சேனாபதி மட்டும் பிளாட்பாரத்தின் விளிம்புக்குப் போய் நிற்பார். அவருக்குப் பயம் கிடையாது. ஆசைதான்.

ஆசைக்குக் காரணம் வசந்தாமணி, அவருடைய மனைவி. கொரோனா இரண்டாம் அலையின்போது, தம்பி கல்யாணத்துக்கென்று மகள் கயலோடு ஊருக்குப் போனவள், திருப்பூர் ஆஸ்பத்திரியில் படுத்தாள். நீங்கள் போனால் விசா ஸ்டாம்பிங் நடக்காது, திரும்பி வர முடியாது, வேலையும் போகும் என்று வக்கீல் சொன்னார். சேனாபதி லேப்டாப்பில் விமான டிக்கெட் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாகக் கிடந்தார். அவர் தவித்து முடிப்பதற்குள் எல்லாமே முடிந்துவிட்டது.

கடைசியில் அவள் தன்னைக் கேட்டாளா? கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தாளா? பக்கத்தில் இருந்தவள் கயல் ஒருத்திதான். பதினாறு வயசுப் பெண்ணிடம் இதைப் போய் எப்படிக் கேட்பது என்று முதலில் விட்டார். அவள் வளர்ந்த பிறகு, பதிலுக்குப் பயந்து கேட்காமல் விட்டார். பிட்டர் ஸ்பரில் ஒரு செத்த பெண் வந்து கேட்க முடியும் என்றால், வசந்தாமணியும் எங்காவது வருவாள். "ஏனுங் மாமா, வரவே இல்லியே நீங்க?" என்று கேட்பாள். வாய்க்கு வந்தபடி திட்டுவாள். அந்தத் திட்டுக்காக மனிதர் ஏங்கிப்போயிருந்தார்.

ஆஸ்டினில் காலேஜ் படிக்கும் கயல் போன மாதம் லீவுக்கு வந்திருந்தாள். "அப்பா, ஐ வாண்ட் டு சீ திஸ் பிளேஸ்" என்று காரில் ஏறிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை.

அன்றைக்கு லொரேட்டாவின் கதைக்குப் புதிதாக ஒரு வால் முளைத்திருந்தது. கொஞ்ச நாளாக இந்தப் பிளாட்பார பெஞ்சில் வெள்ளைப் பூ கிடக்கிறது, நூலில் நெருக்கமாகக் கட்டிய பூ, வாசனை ஊரைத் தூக்குகிறது, இந்த மண்ணில் அப்படி ஒரு பூவே கிடையாது, அவள்தான் வைத்துவிட்டுப் போகிறாள் என்றார் லொரேட்டா. ஒரு பெண் போட்டோ எடுத்தாள்.

கயல் அப்பாவின் காதருகே வந்தாள். "அப்பா, தட்ஸ் யூ. நம்ம இந்தியன் ஸ்டோர் மல்லி."

அவரேதான். பூ வைக்காமல் வாசல்படி இறங்காதவள் வசந்தாமணி. காத்திருக்கிறவள் எவளானாலும் அவளுக்கும் ஒரு முழம் இருக்கட்டுமே என்று, கூட்டம் கலைந்த பிறகு பெஞ்சில் வைத்துவிட்டு வருவது அவர் வழக்கம். தன் கையால் வைத்த பூ பேயின் பூவாகித் திரும்பி வந்திருக்கிறது. மிச்சக் கதையும் இப்படி வந்ததுதானா?

எல்லோரும் போன பிறகு லொரேட்டாவிடம் போய், பூ வைத்தது நான்தான் என்று சொன்னார்.

"தெரியும்" என்றார் லொரேட்டா.

"அப்போ அந்த லாந்தர்?"

"எனக்கு முன்னால் இருந்தவர் சேர்த்தது."

"அந்தப் பெண்டாட்டி?"

லொரேட்டா ஸ்டேஷன் கதவைச் சாத்தினார். பிறகு, "எல்லிஸைத் தூக்கில் போட்டது நிஜம். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை" என்றார். "ஒரு பாவமும் அறியாதவனைக் கொன்றுவிட்டு ஊர் முழுக்கச் சாப்பிடப் போய்விட்டது. அதை அப்படியே சொன்னால் யாராலும் கேட்க முடிவதில்லை. அவனுக்காக அழ ஒருத்தியாவது வேண்டியிருந்தது."

சேனாபதி பெஞ்சில் உட்கார்ந்தார். இத்தனை வருடம் ஓட்டிக்கொண்டு வந்தது இல்லாத ஒருத்தியைப் பார்க்க.

"அப்ப ஆருமே காத்துக்கிட்டு இருக்கலியா?" என்று வாய்விட்டே கேட்டார்.

கயல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வீட்டில் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள், இப்போது திக்கித் திக்கித் தமிழிலேயே ஆரம்பித்தாள்.

"அம்மா உங்களுக்காக வெயிட் பண்ணலப்பா."

அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"'அப்பாவ வர வேண்டாமுன்னு சொல்லு கண்ணு, வந்தா அங்கத்த பொழப்புக் கெட்டுப்போயிரும்'னு சொன்னாங்க. போன் பண்ணி உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க. திரும்பத் திரும்ப. நான் சொல்லல."

"ஏஞ் சாமி?"

"சொன்னா நீங்க வராமயே இருந்துருவீங்கன்னு." கயலின் குரல் உடைந்தது. "ஆஸ்பத்திரில, கீழ ஒவ்வொரு காரா நிக்கறப்போ ஜன்னல்ல ஓடிப்போய்ப் பார்ப்பேன். அம்மா போனதுக்கப்புறமும் பாத்தேன். வெயிட் பண்ணிட்டு இருந்தது நான்ப்பா."

"அம்மிணி" என்றார் சேனாபதி. மகளை இழுத்துத் தோளோடு சேர்த்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தார். வசந்தாமணி போன அன்றைக்கே செய்திருக்க வேண்டியது அது.