முழுப்பாட்டு

தையல்காரிக்கு வெகுநாளாக ஒரு குறுகுறுப்பு. ஒலிபெருக்கி வேலைக்காகக் கோடைதோறும் திறந்தவெளி இசை விழாக்களுக்குப் போகும் கணவன் அங்கே என்னதான் செய்கிறான்? இந்த முறை கடையைப் பூட்டிவிட்டு அவளும் அவனுடன் கிளம்பினாள்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள், விழாத் திடலில் அவர்கள் தங்கியிருந்த கூடாரம் அடுப்பாய்க் காய்ந்தது. ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அவனைத் தேடிப் போனாள். மேடைக்கு எதிரே ஒரு கொட்டகையில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பலகைமேல் குனிந்திருந்தான். சுற்றிலும் கூட்டம் ஆடியது. அவன் முகத்தில் மட்டும் பரீட்சை எழுதுகிறவனின் கவலை.

"இத்தனை வருஷமா கேக்குறீங்களே, எந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்கும்?"

"பாட்டா? கரகரப்பு வருதா, இரைச்சல் வருதான்னுதான் கேப்பேன். எதையும் முழுசா கேட்டதில்ல."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் இடத்தில் வேலை பார்க்க மாற்று ஆள் வந்ததும் அவனை இழுத்துப்போய்ப் புல்தரையில், கூட்டத்துக்கு நடுவே உட்காரவைத்தாள். மேடையில் ஒரு பாடகி பாடத் தொடங்கினார். முதலில் அவன் கண் ஒலிபெருக்கிகளையே சுற்றியது. பாதிப் பாட்டில் அவன் விரல்கள் அவள் கையில் தாளம் போட்டன.

பாட்டு முடிந்தது. "என்னமா பாடுறாங்க! யாரு இவங்க?" என்றான்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "காலையில நீங்கதானே அவங்களுக்கு மைக் மாட்டிவிட்டீங்க!"